மனமகிழ் மன்றத்தின் வாசல்

சுகன்யா, பிரியா,

திங்கட்கிழமை முதல் என் மேசை உங்கள் இருவருடையது. மேல் டிராயர் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் தூக்கி இழுக்க வேண்டும். ஓய்வு பெற்றவர்கள்தான் இப்படி இளையவர்களுக்கு எழுதுவார்கள். எனக்கு அந்த வயது இல்லை. ஆனால் டாக்டர் பிரசவம் வரை படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு கைக்குழந்தை, பெரியவளின் பள்ளிக்கூடம், இவருடைய வங்கி வேலை. எப்போது கோர்ட்டுக்குத் திரும்புவாய் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனவே இதை ஓய்வுக் கடிதமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மனுவை எந்தப் பிரிவில் போடுவது, எத்தனை நகல் எடுப்பது என்பதையெல்லாம் சீனியர் சொல்லித் தருவார். நான் எழுதுவது ஒரே ஒரு வழக்கைப் பற்றி. அது இன்னும் முடியவில்லை, உங்களிடம்தான் வருகிறது. கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆறுவதாக இல்லை.

வடக்குத்து என்கிற ஊரில், சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்பின் ஆர்ச்சைத் தாண்டி வெளியே வரும் சாலையில், ஸ்டெல்லா அக்காவின் தையல் கடை இருந்தது. ஒற்றை அறை, இரண்டு மெஷின். ஜூன் பிறந்தால் சீருடைத் துணி கூரை வரை அடுக்கியிருக்கும். குவார்ட்டர்ஸ் பிள்ளைகளும் வருவார்கள், ஊர்ப் பிள்ளைகளும் வருவார்கள். என் மகளின் முதல் சீருடையைத் தைத்தவரும் அவர்தான். கணவர் இல்லை, அந்தக் கடையை வைத்துத்தான் ஒரு மகளை நர்சிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். கடைக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் நடுவே ஒரே சுவர். அந்தக் கட்டடம் முன்பு லாட்ஜாக இருந்தது; மைன்ஸ் வேலைக்கு வரும் காண்டிராக்ட் ஆட்கள் தங்குவார்கள். ஒரு நாள் அதற்கு வெள்ளையடித்து, 'மனமகிழ் மன்றம்' என்று பலகை மாட்டினார்கள். பலகையில் ஒரு கேரம் போர்டும் ஓர் இறகுப்பந்தும் வரைந்திருந்தார்கள். சாலைக்கு எதிர்ப்புறம் நர்சரி பள்ளி.

மனமகிழ் மன்றம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏட்டில், உறுப்பினர்கள் கூடி விளையாடும் இடம். அவர்களுக்கு மட்டும் மது பரிமாற அரசு உரிமம் தரும். நடப்பில், வாசலில் வந்து நிற்பவன் கையில் ஓர் அட்டையைக் கொடுத்தால் அவன் உறுப்பினர். அந்த மன்றத்தில் கேரம் காய் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

உரிமத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் பெண்கள் கூடினார்கள். கூடிய இடம் டவுன்ஷிப்புக்குள், கீதா மேடத்தின் குவார்ட்டர்ஸ். அவர் கணவர் பெரிய அதிகாரி. வடக்குத்துப் பெண்கள் வராந்தாவில் கீழே உட்கார்ந்தார்கள். குவார்ட்டர்ஸ் பெண்கள் நாற்காலிகளில். நாற்காலிகளிலும் ஒரு வரிசை உண்டு. கணவனின் கிரேடு எதுவோ அதுதான் மனைவியின் இடம். யாரும் சொல்லித் தருவதில்லை. யாரும் தப்பாக உட்கார்வதும் இல்லை. நான் வேறு ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். முதல் வருஷம் ஒரு வளைகாப்பில் தெரியாமல் முன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, ஒரு மணி நேரம் யாரும் பேசாமல் தவித்திருக்கிறேன்.

மனு தயாராக இருந்தது. முதல் கையெழுத்து யார் போடுவது என்று யாருமே கேட்கவில்லை. பேனா நேராகக் கீதா மேடத்திடம் போனது.

"ஸ்டெல்லா அக்கா போடட்டுமே, அவங்க கடைச் சுவர்தானே அது" என்றேன்.

ஸ்டெல்லா அக்காவே மறுத்துவிட்டார். "ஐயோ, வேணாங்க. மேடம் பேரு மேல இருந்தாத்தான் கலெக்டர் ஆபீசுல ஒக்கார வச்சிப் பேசுவாங்க. என் பேரு இருந்தா நிக்க வச்சித்தான் பேசுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கீதா மேடமும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அடுத்து அவரைவிட ஒரு படி கீழே உள்ளவரின் மனைவி, அவருக்குக் கீழே அடுத்தவர். கிரேடு வரிசை பிசகாமல் பேனா நாற்காலிகளில் இறங்கி, பிறகு வராந்தாவுக்கு வந்தது. ஸ்டெல்லா அக்காவின் பெயர் மூன்றாவது பக்கத்தில். சீனியரிடம் காட்டினேன். "யார் பேர் மேல இருந்தா என்னம்மா, எல்லாரும் மனுதாரர்தானே" என்றார்.

மக்கள் குறைதீர்வு நாள் திங்கட்கிழமை. கடலூர் போனோம். மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அவளையும் தூக்கிக்கொண்டு போனேன். கலெக்டர் ஆபீஸ் வாசலில் பெண் போலீஸ் என் பையைச் சோதித்து, மகளின் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார். மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று. மனு கொடுக்க வருகிறவர்கள் அங்கே தீக்குளிக்கப் பார்த்திருக்கிறார்களாம். "ஏம்மா அவங்க என் தண்ணிய மோந்து பாக்குறாங்க?" என்று அவள் கேட்டாள். அவளுக்கு என்ன சொல்வது? மக்கள் நெருப்பு வைத்துக்கொள்ளும் அளவுக்கு விடுகிறவர்கள், அந்த நெருப்புக்காகப் பிள்ளையின் பாட்டிலை மோந்து பார்க்கிறார்கள் என்றா?

கீதா மேடத்தை உட்காரவைத்துத்தான் பேசினார்கள். அதில் ஸ்டெல்லா அக்கா சொன்னது சரி.

இரண்டு வாரம் கழித்து மனுவின் நிலையைக் கேட்கப் போனேன். எழுத்தர் கணினியைப் பார்த்துவிட்டு, "முடிச்சாச்சே மேடம்" என்றார்.

"எப்படி? விசாரணையே நடக்கலையே?"

"மொத மனுதாரரே வாபஸ் வாங்கிட்டாங்களே. கீதாங்கறவங்க நேர்ல வந்து எழுதிக் குடுத்துட்டாங்க."

"சரி, மத்தவங்க?"

"அவங்கல்லாம் 'மற்றும் பலர்'தானே மேடம்."

நேராகக் கீதா மேடத்தின் வீட்டுக்குப் போனேன். கேட்டைத் திறக்கவில்லை, கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்று பேசினார். மன்றத்தின் செயலாளர் காலை நடையில் இவர் கணவரைப் பார்த்திருக்கிறார். மிரட்டவில்லை. "சார், வீட்டம்மா பேரு கலெக்டர் ஆபீஸ்ல அடிபடுதே, உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

"இவருக்கு பிரமோஷன் வர்ற நேரம்மா. இப்பப் போயி பேரு வெளிய வந்தா..."

"ஆபீஸ்ல யாராவது ஏதாவது சொன்னாங்களா மேடம்?"

"இல்ல. யாரும் எதுவும் சொல்லல."

"அப்புறம் என்ன?"

"உனக்குப் புரியாதும்மா. உன் வீட்டுக்காரர் பேங்க்ல இருக்கார்."

அலுவலகத்தில் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லிவிடுவார்களோ என்ற பயமே போதுமானதாக இருந்தது. ஒரு போன் செய்து என்னிடம் சொல்லியிருந்தால், வேறு ஒருவரை முன்னே நிறுத்தியிருப்பேன். அதைக்கூடச் செய்யாமல், தனியாகக் கார் எடுத்துப் போய், மூன்று பக்கம் பெண்களின் குரலை ஒரு வரியில் துடைத்துவிட்டு வந்தார். அவர்மேல் எனக்கு இன்றும் ஆத்திரம்தான். ஆனால் அவரை முதல் நாற்காலியில் உட்காரவைத்தது நாங்கள் எல்லோரும். மனுவின் முதல் பெயர் மரியாதைக்குரியவருடையதாக இருக்கக் கூடாது. விலகிப் போக இடமில்லாதவருடையதாக இருக்க வேண்டும். இதை எந்தப் புத்தகமும் உங்களுக்குச் சொல்லாது. சீனியரும் சொல்லமாட்டார்.

உரிமம் கிடைத்தது. மன்றம் திறந்தது.

அந்த ஜூன் மாதம், மதியம் மூன்று மணி இருக்கும். ஸ்டெல்லா அக்கா இரண்டு சிறுமிகளுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். அவர்களின் அம்மா வெளியே வண்டியில் போன் பேசிக்கொண்டிருந்தார். மன்றத்திலிருந்து ஓர் ஆள் ஆடிக்கொண்டே வந்து படியேறினான்.

"அக்கா, லுங்கி மூட்டணும்."

"வச்சிட்டுப் போப்பா, நாளைக்கு வா."

"நாளைக்கி இன்னாத்துக்கு? இப்பவே மூட்டிக் குடு" என்று சொல்லி, உடுத்தியிருந்த லுங்கியின் முடிச்சை அவிழ்த்துவிட்டான்.

ஸ்டெல்லா அக்கா மேசைமேல் இருந்த மர ஸ்கேலை எடுத்தார். எத்தனை அடி விழுந்தது என்று அவருக்கே தெரியாது. அவன் லுங்கியை அள்ளிப் பிடித்துக்கொண்டு மன்றத்துக்குள் ஓடினான். சாலையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். பிறகு அதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் முதலில் கேட்டபோது சிரித்துவிட்டேன். அந்தச் சிறுமிகளில் இளையவள் அதற்குப் பிறகு அந்தக் கடைக்குள் வரமாட்டேன் என்று அழுதாள் என்று கேள்விப்பட்டபோது சிரிப்பு நின்றது. அவளுக்கு என் மகளைவிட ஒரு வயதுதான் கூட.

மறுநாள் காவல் நிலையத்திலிருந்து ஸ்டெல்லா அக்காவுக்கு அழைப்பு. மன்றத்துக்கு வந்த 'உறுப்பினரை' ஆயுதத்தால் தாக்கினார் என்று புகார். ஆயுதம், அந்த ஸ்கேல். கடை இருந்த அறையின் சொந்தக்காரர் அதே வாரத்தில் வந்து, "தம்பிக்கு ரூம் வேணுமாம், வேற எடம் பாத்துக்கம்மா" என்றார். அவருக்குத் தம்பியே கிடையாது என்று வடக்குத்தில் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது மனு எழுதினோம். முதல் பெயர் ஸ்டெல்லா. அவர் தயங்கவில்லை. ஆனால் வராந்தாவில் கீழே உட்கார்ந்த பெண்களிடம் இந்த முறை கையெழுத்துக் கேட்டபோது, பூ விற்கும் அஞ்சலை என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மொத தபா மேடம் பேரு. இப்ப மேடம் ஓடிட்டாங்க, எங்க பேரு வேணுமா?"

"அப்படி இல்லங்க..."

"வேற எப்பிடி? குவார்ட்டர்ஸ்காரரு பாட்டில பிரிட்ஜுல வச்சிகினு வூட்டுக்குள்ள குடிப்பாரு. அது தெரியாது. எங்காளு ரோட்டுல வுழுந்து கெடப்பான். அது தெரியும். நீங்க எதுக்கு மனு குடுக்குறீங்க? சாராயக்கடை வேணாம்னா, இல்ல கண்ணுல படக் கூடாதுன்னா?"

வாதாடி முடித்துவிட்டு, "குடுங்க, எங்க போடணும்?" என்று அவரே பேனாவை வாங்கிக்கொண்டார். "உங்களுக்காகப் போடல. ஸ்டெல்லாவுக்காகப் போடறேன்."

இந்த முறை விசாரணைக்கு உத்தரவு வந்தது. பள்ளிக்கும் மன்றத்துக்கும் இடையே விதிப்படி தூரம் இருக்கிறதா என்று சர்வேயர் அடுத்த வாரம் வந்து அளப்பார். அதற்கு முன் இரு தரப்பும் கடலூரில் கலால் அலுவலர் முன்னால் ஆஜராக வேண்டும். சீனியருக்கு அன்று வேறு கோர்ட்டில் வழக்கு. "சும்மா ஹியரிங்தான், நீயே போயிட்டு வா" என்றார். இளையவர்களை அனுப்பும்போது எல்லாமே அவருக்குச் சும்மா ஹியரிங்தான். கவனித்துக்கொள்ளுங்கள்.

அலுவலரின் அறையில் மன்றத்தின் செயலாளர் எங்களுக்கு முன்பே உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பூந்தி பொட்டலம். ஸ்டெல்லா அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார்.

"வா தங்கச்சி. நாம எல்லாம் ஒரே ஊருக்காரங்க. நமக்குள்ள இன்னா கேஸு?"

அலுவலரும் அதே குரலில் பேசினார். "உள்ளூர்ல தொழில் பண்ற பொம்பள. அனுசரிச்சுப் போகணும்மா. அவரு நல்ல யோசனையோட வந்திருக்காரு, கேளுங்க."

யோசனை இதுதான். மன்றத்தின் முன்வாசலை அடைத்துவிட்டு, பின்தெருவில் வாசல் திறப்பார்கள். இனி கடைப் பக்கம் ஒருவனும் வரமாட்டான். காவல் நிலையப் புகாரை வாபஸ் வாங்குவார்கள். கடையின் சொந்தக்காரரிடமும் செயலாளரே பேசி, ஸ்டெல்லா அக்காவை அங்கேயே இருக்க விடுவார். பதிலுக்கு ஸ்டெல்லா அக்கா ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்: மன்றம் நடத்த எனக்கு ஆட்சேபணை இல்லை.

அந்த நேரத்தில் என் போன் அதிர்ந்தது. மகளின் பள்ளி. காய்ச்சல், வந்து கூட்டிப் போங்கள். வங்கிக்கு, இவருக்குப் போட்டேன். "கேஷ்ல இருக்கேன், எப்படி வர முடியும்?" என்றார். பக்கத்து வீட்டுக்குப் போட்டேன், எடுக்கவில்லை. இந்தக் கையெழுத்து இப்போதே விழுந்தால் பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்கலாம். இந்த எண்ணம் எனக்குள் வந்தது. மறைத்து என்ன பயன்? உங்களுக்கும் வரும். கட்சிக்காரருக்கு எது நல்லது என்று யோசிக்கும்போது நமக்கு எது சௌகரியம் என்பது நைசாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும், அதே முகத்தோடு.

யோசனை நியாயமாகத்தான் தோன்றியது. கடை பிழைக்கும், புகார் போகும், வாசலில் குடிகாரன் இல்லை. வேறு என்ன வேண்டும்? பழக்கதோஷத்தில் ஒன்று கேட்டேன்.

"வாசல் மாத்தறத எழுத்துல தருவீங்களா சார்?"

தயங்குவார், மழுப்புவார் என்று நினைத்தேன். செயலாளர் நாற்காலியில் முன்னே வந்தார். "இப்பவே எழுதிக் குடுக்கறேம்மா. நாளைக்கே கொத்தனார வச்சி அடைச்சிடறேன். நீங்க பாத்துகினே இருங்க!"

அந்த வேகம்தான் எனக்கு உறைத்தது. செலவு வைக்கிற விட்டுக்கொடுத்தலுக்கு ஒருவர் இவ்வளவு அவசரப்படுவாரா? நாளைக்கே எதற்கு? அடுத்த வாரம் சர்வேயர் வருகிறார். தூரத்தை வாசலுக்கு வாசல்தான் அளப்பார்கள். முன்வாசல் பள்ளிக்கு நேர் எதிரே இருக்கிறது. அளந்தால் உரிமமே நிற்காது. வாசல் பின்தெருவுக்குப் போனால் சுற்றிக்கொண்டு அளக்க வேண்டும். விதி கேட்கும் தூரம் வந்துவிடும். அவர் எங்களுக்கு எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. தன் ஓட்டையை அடைத்துக்கொள்ள எங்கள் கையெழுத்தைச் சிமெண்ட்டாகக் கேட்டார். அதை அலுவலர் 'நல்ல யோசனை' என்றார்.

ஸ்டெல்லா அக்காவை வெளித் தாழ்வாரத்துக்குக் கூட்டி வந்து சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"சரி. போடலன்னா கடை இன்னா ஆவும்?"

"கையை விட்டுப் போகலாம்க்கா."

"போலீஸ் கேஸு?"

"இருக்கும்."

"போட்டா?"

"கடை இருக்கலாம். ஆனா அந்த மன்றத்தப் பத்தி இனிமே நீங்க வாயே திறக்க முடியாது. எந்த மனு குடுத்தாலும் இந்தக் கையெழுத்தக் காட்டுவாங்க."

அவர் சுவரில் சாய்ந்து நின்றார். "போடட்டா, வேணாமா?"

"அது உங்க விருப்பம்க்கா" என்றேன். கல்லூரியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

"என் விருப்பத்தக் கேக்கறதுக்கா உங்கள இம்மாந்தூரம் கூட்டிகினு வந்தேன்? அத நான் வூட்லயே கேட்டுக்க மாட்டனா? உங்க வாயால சொல்லுங்க. நான் இன்னா பண்ணட்டும்?"

போன் மறுபடி அதிர்ந்தது. நான் எடுக்கவில்லை.

"போடாதீங்க" என்றேன்.

உள்ளே போய், "நான் போடலீங்க" என்றார். செயலாளர் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். அலுவலர் ஸ்டெல்லா அக்காவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "சின்னப் பொண்ணும்மா நீ. ஒரு குடும்பத்தோட பொழப்புல வெளயாடற." அவருக்குச் சொல்ல இப்போது நிறையப் பதில்கள் தெரிகின்றன. பிழைப்பில் விளையாடியது யார்? சிறுமிகள் நிற்கும் கடைக்குப் பக்கத்தில் உரிமம் கொடுத்தது நானா?

பஸ் குள்ளஞ்சாவடியில் நின்றபோது ஸ்டெல்லா அக்கா இறங்கிப் போய் ஒரு பன் வாங்கி வந்து என் மடியில் வைத்தார். "பாப்பாவுக்குக் காய்ச்சல்னா வாயி கசக்கும். பாலுல நனச்சிக் குடுங்க." நான் போனில் பேசியதையெல்லாம் கேட்டிருக்கிறார். மகளைப் பக்கத்து வீட்டு அக்கா ஒருவழியாகக் கூட்டி வந்திருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது தூங்கிக்கொண்டிருந்தாள். பள்ளியில் எழுதி வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார்களாம், அம்மா ஏன் வரவில்லை என்று.

சனி, ஞாயிறு இரண்டு நாளில் கொத்தனார் வேலை முடிந்துவிட்டது. ஸ்டெல்லா அக்காவின் கையெழுத்து இல்லாமலே முன்வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். பூச்சு காயவில்லை, ஈரம் மறைய அதன்மேல் 'கேரம் போட்டி, அனைவரும் வருக' என்று ஒரு பேனரைக் கட்டினார்கள். சர்வேயர் வந்து பின்வாசலிலிருந்து அளந்தார். நான் பேனரைத் தூக்கி ஈரச் சிமெண்ட்டைக் காட்டினேன். என் விரல் அதில் பதிந்தது. "மேடம், நான் வர்றப்ப இருக்கிற வாசல்தான் எனக்குக் கணக்கு. நேத்து எங்க இருந்துச்சுன்னு நான் எப்படி எழுத முடியும்?" என்றார். தூரம் சரியாக இருப்பதாக அறிக்கை போனது. மனு தள்ளுபடி.

கடையும் போனது. நான் சொன்ன ஒரு வார்த்தையால் போனது. மெஷின்களை ஆட்டோவில் ஏற்றியபோது நான் அங்கே போயிருக்க வேண்டும். வாந்தியும் மயக்கமுமாகப் படுத்திருந்தேன். இரண்டாவது உண்டாகியிருந்தது அப்போதுதான் உறுதியானது. அது காரணமா, சாக்கா என்று நான் இன்னும் தீர்மானிக்கவில்லை. கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தால் கடை இருந்திருக்குமோ? செயலாளர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருப்பாரோ? வேறொரு வக்கீல், அனுபவம் உள்ளவர், மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்திருப்பாரோ? எத்தனை முறை யோசித்தாலும் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறேன். அந்தத் தாழ்வாரத்தில் மறுபடி நின்றால் அதையேதான் சொல்வேன் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன், அவ்வளவுதான்.

சில நாள் கழித்து அவர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நீங்க சொன்னீங்கன்னுதான் போடல."

"ஆமாங்க்கா."

"கடை போச்சு. வாசலையும் மாத்திட்டான். வூட்டுத் திண்ணையில மெஷினப் போட்டுகினு ஒக்காந்திருக்கேன். குவார்ட்டர்ஸ் புள்ளைங்களுக்கு வூடு தெரியாது, ஒருத்தரும் வரல. எம்பொண்ணு படிப்ப நிறுத்திட்டு வேலைக்குப் போறேன்றா. இப்ப இன்னா சொல்றீங்க?"

சட்டமாக ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டாலும் அது எனக்குத்தான் ஆறுதல். அவர் என்னைத் திட்டினார். எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கமில்லை. படிப்பிலும் வீட்டிலும் நல்ல பிள்ளை என்று பெயர் எடுத்தவள். ஆனாலும் குறுக்கே பேசவில்லை. அவர் கோபம் வந்து விழுவதற்கு வேறு எந்த இடமும் கதவைத் திறந்து வைத்திருக்கவில்லை. அலுவலர் திறக்கவில்லை, கீதா மேடம் திறக்கவில்லை.

பேசி ஓய்ந்து, தண்ணீர் கேட்டார். குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"சரி, எழுதுங்க."

"என்னத்தக்கா?"

"இன்னும் இன்னா இருக்குதோ அத."

இருந்தது. உரிமம் வாங்கும்போது கொடுத்த வரைபடத்தில் முன்வாசல்தான் இருக்கிறது. உரிமம் பெற்ற பிறகு அனுமதி இல்லாமல் கட்டடத்தின் வாசலை மாற்றியிருக்கிறார்கள். அதுவே விதி மீறல். பழைய வாசல் எங்கே இருந்தது என்பதற்கு, ஸ்டெல்லா அக்கா ஒவ்வொரு ஜூனிலும் புதுச் சீருடை போட்ட பிள்ளைகளைக் கடை முன்னால் நிற்கவைத்து ஸ்டேட்டஸ் போட எடுத்த படங்கள் இருக்கின்றன. கடைசி ஜூன் படங்களில் அவர்கள் முதுகுக்குப் பின்னால் மன்றத்தின் முன்வாசல் திறந்து கிடக்கிறது. அன்று அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் இதில் ஒன்றையும் அவர் கேட்க முடியாது. போடாததால் கேட்கலாம். நான் சொன்ன வார்த்தைக்கு அவர் ஒரு கடையைக் கொடுத்துப் பெற்றது இந்த ஒன்றைத்தான். அது போதுமா என்று என்னிடம் கேட்காதீர்கள். அவரிடம் கேட்கவும் கூடாது.

படுக்கையிலிருந்தே மனுவை எழுதினேன். உரிமம் புதுப்பிக்க வரும் நேரமும் இதுதான். அலுவலர் மறுபடி அனுசரித்துப் போகச் சொல்வார். செயலாளர் உங்களையும் தங்கச்சி என்பார். சீனியர் சும்மா ஹியரிங் என்பார். உங்களில் யாருக்காவது அன்று வீட்டில் ஒரு வேலை வரும், நிச்சயமாக வரும். ஸ்டெல்லா அக்கா காலை முதல் பஸ்ஸுக்கே வந்துவிடுவார். தைக்க வேண்டியதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு.

விசாரணைத் தேதி வந்துவிட்டது. வாய்தா வாங்காதீர்கள்.